மூன்று முறை சீட்டு எடுத்தேன், மூன்றும் வேறு வேறு: எது தேவசித்தம்?

வில்லிவாக்கத்திலிருந்து 29 வயதுச் சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

பழைய மகாபலிபுரம் சாலையில் ஐ.டி. கம்பெனி வேலை. வீட்டில் அப்பா, சர்க்கரை நோய் உள்ள அம்மா, கல்லூரியில் படிக்கும் தம்பி. தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பம். மூன்று வருடமாகப் பழகும் ஒருவரைத் திருமணம் செய்துகொள்ள விரும்புகிறார். அவரும் விசுவாசி, இன்னொரு சபையில் பாடகர் குழுவில் இருக்கிறார். அப்பா பிடிகொடுக்காமல் இருக்கிறார். அம்மாவும் பெரியம்மாவும் வேண்டாம் என்கிறார்கள். பெரியம்மா வாய்விட்டுச் சொன்ன காரணம் ஒன்றுதான்: “அவங்க நம்ம ஆளுங்க இல்ல.”

பெரியம்மா இவரை ஒரு ஜெபவீட்டுக்கு அழைத்துப்போனார். அங்கிருந்த ஊழியக்காரர் தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டு, “உன் வாழ்க்கையில ஒரு இஸ்மவேல் வந்திருக்கான், ஈசாக்குக்குக் காத்திரு” என்றாராம். (ஆபிரகாமுக்கு அடிமைப்பெண் ஆகாரிடம் பிறந்தவன் இஸ்மவேல்; தேவன் வாக்களித்த பிள்ளை ஈசாக்கு.) தடை நீங்க, ஆசீர்வாதம் விளையும் என்று நம்பிக் கொடுக்கும் ‘விதைக் காணிக்கை’யாக 25,000 ரூபாயும் கேட்டிருக்கிறார். அதன்பின் இவர் 21 நாள் உபவாசம் எடுத்தார். மாலை ஆறு மணிவரை தண்ணீர் மட்டும். ஒன்பதாம் நாள் வேலைக்குப் போகும் வழியில் மயங்கி விழுந்தார். அம்மாவும் வெள்ளிக்கிழமைகளில் கூடவே உபவாசம் இருக்கிறார். ‘ஆம்’, ‘இல்லை’, ‘காத்திரு’ என்று மூன்று சீட்டு எழுதி வேதாகமத்துக்கடியில் வைத்து மூன்று முறை எடுத்ததில் மூன்றும் மாறி மாறி வந்தன. கண்ணை மூடி வேதத்தைத் திறந்தால், “அந்நிய நுகத்திலே அவிசுவாசிகளுடன் பிணைக்கப்படாதிருப்பீர்களாக” என்ற வசனம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வெண்ட் காலத்துக்குமுன் பதில் சொல்லும்படி அந்த நண்பரின் வீட்டில் கேட்கிறார்கள்.

சகோதரியின் கேள்விகள்: தேவன் என் ஜெபத்தைக் கேட்பதை நிறுத்திவிட்டாரா? அவர் எல்லாவற்றையும் முன்பே தீர்மானித்துவிட்டார் என்றால் ஜெபித்து என்ன பயன்? அவர் சித்தத்தை மீறி மணந்தால் சாபம் என் பிள்ளைகள்மேல் வருமா?

அன்புள்ள சகோதரி,

உங்கள் கேள்விகளுக்கு வருமுன் அவசரமான காரியம் ஒன்று இருக்கிறது.

முதலில் சாப்பிடுங்கள்

இந்த உபவாசத்தை இன்றைக்கே முடித்துக்கொள்ளுங்கள். இதில் தேவனுக்குச் செய்த பொருத்தனை எதுவும் முறிந்துபோகாது. 21 நாள் கணக்கு தானியேல் 10-ஆம் அதிகாரத்திலிருந்து வருகிறது. ஆனால் அங்கே தானியேல் பட்டினி கிடக்கவில்லை. ருசிகரமான அப்பத்தையும் இறைச்சியையும் திராட்சரசத்தையும் விட்டிருந்தார், அவ்வளவுதான். நாள் முழுக்கத் தண்ணீரோடு மட்டும் இருந்துகொண்டு, பஸ் பிடித்து, எட்டு மணி நேரம் கணினி முன் உட்காருவது அவர் செய்த காரியம் அல்ல. மயக்கம் வந்ததைச் சாத்தானின் தடை என்று எண்ண வேண்டாம். ஒருமுறை டாக்டரைப் பார்த்து ஹீமோகுளோபினும் சர்க்கரையும் சோதித்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் நிலை இன்னும் கவலைக்குரியது. என்ன மாத்திரை என்று நீங்கள் எழுதவில்லை. கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடலாம். வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல் வந்தால், விழுங்க முடிகிற நிலையில் இருந்தால், உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-க்கு அழையுங்கள். அதற்காக மாத்திரையைத் தானாக நிறுத்துவதும் ஆபத்துதான். உபவாசம் இருந்தே தீருவேன் என்றால் அவருடைய டாக்டரிடம் சொல்லி மருந்தை மாற்றிக்கொண்டபின் இருக்கட்டும். வியாதிப்பட்ட எசேக்கியா ராஜா ஜெபித்தபோது கர்த்தர் குணமாக்குவேன் என்றார். அதன்பிறகுதான் ஏசாயா அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொல்லிக் கட்டியின்மேல் பற்றுப்போட வைத்தார் (2 இராஜாக்கள் 20). மருந்து எடுப்பதில் விசுவாசக் குறைவு எதுவும் இல்லை.

ஜெபம் எதற்காக?

உங்கள் கடிதம் முழுவதும் ஜெபத்துக்கு ஒரே வேலைதான் இருக்கிறது: தேவன் ஒளித்து வைத்திருக்கும் பதிலை எப்படியாவது வெளியே எடுப்பது. பதில் வராதபோது நாள் போதவில்லை, விசுவாசம் போதவில்லை என்று பாரத்தை ஏற்றிக்கொண்டே போகிறீர்கள். இந்த எண்ணத்தைத்தான் நான் திருத்த விரும்புகிறேன். மற்றச் சிக்கல்கள் பலவும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

சீஷர்களுக்கு இயேசு கற்பித்த ஜெபத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பிதாவின் நாமம் பரிசுத்தப்பட வேண்டும், அவருடைய ராஜ்யம் வர வேண்டும், அவருடைய சித்தம் பூமியிலே செய்யப்பட வேண்டும். அப்புறம்தான் அன்றன்றைய அப்பம், மன்னிப்பு, தீமையிலிருந்து விடுதலை. எனக்கு நாளை என்ன நடக்கும் என்று முன்கூட்டிக் காட்டும் என்ற விண்ணப்பம் அதில் இல்லவே இல்லை. சித்தம் நடக்க வேண்டும் என்றும், அது நடக்கத் தடையாக நான் நிற்கக்கூடாது என்றும்தான் கேட்கிறோம்.

“முன்பே அறிந்திருக்கிறாரே, பின் ஏன் கேட்க வேண்டும்?” என்கிறீர்கள். மத்தேயு 6:8-ஐப் பாருங்கள். நாம் வேண்டிக்கொள்வதற்கு முன்னமே நமக்கு இன்னது தேவை என்று பிதா அறிந்திருக்கிறார் என்று சொல்லிவிட்டு, அடுத்த வசனத்திலேயே எப்படி ஜெபிக்க வேண்டும் என்று இயேசு கற்றுக்கொடுக்கிறார். பிதா அறிந்திருப்பது ஜெபத்தை வீணாக்கவில்லை. வார்த்தைகளை அலப்பி அவரை வசப்படுத்த வேண்டியதில்லை என்ற நிம்மதியை அது தருகிறது. உங்கள் இதே கேள்விக்கு 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புரோபா என்ற ரோமானிய விதவைக்கு அகுஸ்தீனார் கடிதத்தில் பதில் எழுதினார். தேவனுக்குத் தகவல் சொல்வதற்காக நாம் ஜெபிப்பதில்லை. அவர் கொடுக்க ஆயத்தமாயிருப்பதைப் பெற்றுக்கொள்ளும்படி நம் விருப்பம் ஜெபத்தில் பயிற்சி பெற்று விரிவடைகிறது என்பது அவர் பதில்.

சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனேயில் நடந்ததை நிதானமாக வாசியுங்கள். இயேசு முதலில் தம் ஆசையைச் சொல்கிறார்: இந்தப் பாத்திரம் நீங்க வேண்டும். அதன்பிறகே “என்னுடைய சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது.” மத்தேயு சொல்கிறபடி மூன்று முறை ஜெபிக்கிறார். பாத்திரம் நீங்கவில்லை. ஆனால் தரையில் முகங்குப்புற விழுந்தவர் எழுந்து, தம்மைப் பிடிக்க வந்தவர்களை எதிர்கொள்ள நடக்கிறார். பவுலும் தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி மூன்று முறை கேட்டார். முள் போகவில்லை, “என் கிருபை உனக்குப் போதும்” என்ற வார்த்தை வந்தது. அவர்களுடைய ஜெபத்தை யாராவது தோல்வி என்பார்களா?

இன்னொன்றையும் கவனித்தேன். ‘உமது சித்தம் எது’ என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறீர்கள். ‘ஆண்டவரே, எனக்கு இவரைப் பிடித்திருக்கிறது, இவரோடு வாழ ஆசைப்படுகிறேன்’ என்று ஒருமுறையாவது அவரிடம் சொன்னதாகக் கடிதத்தில் இல்லை. சொல்லக் கூச்சமா, சொன்னால் பறித்துக்கொள்வார் என்ற பயமா? சங்கீதக்காரர்கள் “எதுவரைக்கும் கர்த்தாவே” என்று முகத்துக்கு நேராகக் கேட்டவர்கள். இன்று இரவு உங்கள் ஆசையையும் பயத்தையும் பெரியம்மாமேல் உள்ள கோபத்தையும் பெயர் சொல்லி அவரிடம் பேசுங்கள்.

தேவசித்தம் ஒற்றையடிப் பாதையா?

தேவன் உங்களுக்காக ஒரே ஒரு ஆளைக் குறித்து வைத்திருக்கிறார், அவரைக் கண்டுபிடிக்கத் தவறினால் வாழ்க்கை போயிற்று என்று நம்புகிறீர்கள். நம் கூட்டங்களில் இது அடிக்கடி கேட்கிற போதனைதான். ஆனால் இதுவே தேவனுடைய சித்தம் என்று புதிய ஏற்பாடு வெளிப்படையாகச் சொல்லும் இடங்களைப் பாருங்கள். நீங்கள் பரிசுத்தமுள்ளவர்களாக வேண்டும் என்பது (1 தெசலோனிக்கேயர் 4:3). எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரம் செய்ய வேண்டும் என்பது (5:18). இவை ஒளித்து வைக்கப்பட்டவை அல்ல, கண்ணெதிரே இருப்பவை. திருமணத்தைப் பற்றி என்றால், விதவையான சகோதரிக்குப் பவுல் சொல்வதைக் கேளுங்கள்: தனக்கு இஷ்டமானவனை மணந்துகொள்ள அவளுக்கு விடுதலை உண்டு, அவன் கர்த்தருக்குட்பட்டவனாக மட்டும் இருக்க வேண்டும் (1 கொரிந்தியர் 7:39). வேலி ஒன்றுதான். அதற்குள்ளே இடம் விசாலமாக இருக்கிறது.

மக்கெதோனியாவுக்கு வா என்று பவுலுக்குத் தரிசனம் வந்தது உண்மை. அது அவர் சீட்டுப் போட்டு வரவழைத்ததல்ல. ஊழியப் பாதையில் போய்க்கொண்டிருந்தவருக்குத் தானாக வந்தது. அதே பவுல், தீமோத்தேயுவை அனுப்பிவிட்டு அத்தேனே பட்டணத்தில் தனியாக இருப்பதை “நன்மையென்று நினைத்து” முடிவெடுத்தார். யோசித்துத் தீர்மானிப்பதை ஆவிக்குரியது அல்ல என்று அவர் எண்ணவில்லை. ஞானத்தில் குறைவுள்ளவன் தேவனிடத்தில் கேட்கட்டும் என்று யாக்கோபும் எழுதுகிறார். ஞானம் கிடைத்தால் அதைப் பயன்படுத்த வேண்டியவர் நீங்கள்தான்.

பிள்ளைகள்மேல் சாபம் பற்றிய பயத்துக்கு எசேக்கியேல் 18-ஐ முழுதாக வாசியுங்கள். குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்று அங்கே தெளிவாக இருக்கிறது. ஒரு விசுவாசியை நேர்மையாக மணப்பது அக்கிரமமும் அல்ல.

சீட்டும் திறந்த பக்கமும்

மூன்று சீட்டில் மூன்று முறை எடுத்தால் மாறி மாறி வருவதுதான் இயல்பு. யூதாசின் இடத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்க அப்போஸ்தலர்கள் சீட்டுப் போட்டார்களே என்று கேட்கலாம். அங்கே முதலில் தகுதியை வகுத்தார்கள், யோவான் ஸ்நானன் நாள் முதல் இயேசுவோடு கூடவே இருந்தவர்களாகப் பார்த்து இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள், அதன்பிறகே சீட்டு. அதுவும் பெந்தெகொஸ்தே நாளுக்கு முன். ஆவியானவர் அருளப்பட்டபின் சபை சீட்டுப் போட்டதாகப் புதிய ஏற்பாட்டில் ஓரிடத்திலும் இல்லை. எருசலேமில் பெரிய பிரச்சினை எழுந்தபோது கூடிப் பேசி, வாதாடி, “பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது” என்று எழுதினார்கள் (அப்போஸ்தலர் 15).

கண்மூடித் திறக்கும்போது, புத்தகம் அடிக்கடி பிரித்து மடங்கிப்போன இடத்தில் தானாகத் திறக்கும். அதைவிட முக்கியம், உங்களுக்குக் கிடைத்த வசனம் அவிசுவாசிகளைப் பற்றியது. உங்கள் நண்பர் ஞானஸ்நானம் பெற்றவர், ஞாயிறுதோறும் பீடத்தருகே நின்று பாடுகிறவர். அந்த வசனம் அவரை எப்படிக் குறிக்கும்? பயத்தோடு திறந்ததால் பயத்தின் கண்ணோடு வாசித்தீர்கள். புத்தாண்டு ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டைக்கும் இது பொருந்தும். தியானிக்க, ஆறுதல் பெற அது நல்லது. முடிவெடுக்க அது போதாது.

இஸ்மவேல் என்று சொன்னவர்

தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள் என்று சொன்ன பவுலே, எல்லாவற்றையும் சோதித்துப்பாருங்கள் என்றும் சேர்த்துச் சொன்னார். ஒருவர் பேசினால் மற்றவர்கள் நிதானிக்க வேண்டும் (1 கொரிந்தியர் 14:29). அப்படிச் சோதிப்பது அவமரியாதை ஆகாது. அந்த ஊழியக்காரரின் உள்ளத்தை நான் அறியேன். அவர் மனப்பூர்வமாகவே பேசியிருக்கலாம். ஆனால் நீங்கள் இவற்றைக் கேட்டுப்பாருங்கள். பெரியம்மா முன்கூட்டியே அவரிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தாரா? உங்கள் ஆயரும் மூப்பர்களும் அந்த வார்த்தையை நிதானிக்க அவர் சம்மதிப்பாரா? பணம் எதற்கு? குஷ்டம் நீங்கிய நாகமான் கொண்டுவந்த வெகுமதியை எலிசா தொடவே மறுத்தார். பின்னால் ஓடிப்போய் வாங்கிய அவர் வேலைக்காரன் கேயாசிக்கு அந்தக் குஷ்டமே வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். 25,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். கடன் வாங்கியோ நகையை வைத்தோ நிச்சயம் வேண்டாம். பணம் கட்டினால் விலகுகிற தடை தேவன் வைத்த தடையாக இருக்க முடியாது.

ஒரு மனிதரை ‘இஸ்மவேல்’ என்று முத்திரை குத்துவது எனக்கு மிகவும் வருத்தமாயிருக்கிறது. ஆதியாகமம் 21-இல் வனாந்தரத்தில் செடியின்கீழ் கிடந்த அந்தப் பிள்ளையின் சத்தத்தைத் தேவன் கேட்டார், தாயின் கண்களைத் திறந்து தண்ணீர்த் துரவைக் காட்டினார், பிள்ளையுடனே இருந்தார் என்று வேதம் சொல்கிறது.

இப்போது மனம் நோகும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். “நம்ம ஆளுங்க இல்ல” என்ற பேச்சு முதலில் வந்தது. தேவசித்தம் என்ற பேச்சு அதன்பின் வந்தது. சாதிக்கு நாம் தேவனுடைய கையெழுத்தை வாங்கப் பார்க்கிறோம். 1833-இலேயே கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் தென்னிந்தியச் சபைகளில் சாதி வேறுபாட்டை உடனே விட்டுவிட வேண்டும் என்று எழுதினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் ஏற்க மறுத்தார்கள். இன்றைக்கும் கிறிஸ்தவ மணமகன் தேவை விளம்பரங்களில் முதல் வரியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்றே என்கிற கலாத்தியர் 3:28-ஐ ஞாயிறு வாசித்துவிட்டு, திங்கட்கிழமை அதற்கு விரோதமாக வந்த வார்த்தையைத் தீர்க்கதரிசனம் என்று ஏற்க முடியாது.

இனி எப்படித் தீர்மானிப்பது?

பெரியம்மாவின் காரணம் தவறு என்பதாலேயே இவரை மணப்பது சரி என்று ஆகிவிடாது. அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். அவர் வீட்டில் ஒரு மாதம் கூடுதல் அவகாசம் கேளுங்கள்; கொடுக்க மறுத்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

முதலில் விவரம் சேகரியுங்கள். ஒரு தாளில் அவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் எழுதுங்கள். கடன் எவ்வளவு? குடி உண்டா? கோபம் வந்தால் என்ன செய்வார், யாரிடம் மன்னிப்புக் கேட்பார்? திருமணத்துக்குப் பின் எங்கே குடியிருப்பது, உங்கள் சம்பளத்திலிருந்து உங்கள் அம்மாவின் மருந்துக்குக் கொடுக்க அவர் சம்மதிப்பாரா? வரதட்சிணை என்ற சொல் எந்தப் பெயரிலாவது வந்ததா? கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப் பார்க்கிறான் என்று இயேசுவே சொன்னார். தெரியாத பக்கத்தில் இருப்பதை அவரிடமே கேளுங்கள். அவருடைய ஆயரிடமும், உங்கள் காதலில் லாபநஷ்டம் இல்லாத ஒரு மூத்த சகோதரியிடமும் பேசுங்கள்.

ஜெபத்துக்குக் காலையில் இருபது நிமிடம் போதும். ஒரு சங்கீதம், சுவிசேஷத்தில் ஒரு சிறு பகுதி, பரமண்டல ஜெபத்தை விண்ணப்பம் விண்ணப்பமாக நிறுத்திச் சொல்வது, கடைசி ஐந்து நிமிடம் பேசாமல் இருப்பது. ஒரு வாரம் ‘இவரை மணக்கிறேன்’ என்று முடிவெடுத்தவராகவே நடந்துகொள்ளுங்கள். யாரிடமும் சொல்ல வேண்டாம். அடுத்த வாரம் ‘மணக்கவில்லை’ என்று. ஒவ்வொரு இரவும் மனம் எப்படி இருந்தது, ஜெபிக்க ஆசை வந்ததா, பிறரிடம் அன்பு கூடியதா குறைந்ததா என்று இரண்டு வரி எழுதுங்கள். இது 16-ஆம் நூற்றாண்டில் புனித இஞ்ஞாசியார் கற்பித்த முறையை ஒட்டியது. அவர் தந்த எச்சரிக்கையும் முக்கியம்: மனம் வறண்டு, இருண்டு கிடக்கும் நாட்களில் எடுத்த முடிவை மாற்றாதீர்கள், புது முடிவும் எடுக்காதீர்கள். பசியிலும் தூக்கமின்மையிலும் வந்த கலக்கத்தைத் தேவனுடைய தடை என்று எண்ணிவிடுவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அதேபோல் ‘சமாதானம்’ வந்ததும் அது தேவசித்தம் என்று பாய்ந்துவிடவும் கூடாது. தேவன் போகச் சொன்ன நினிவேயை விட்டு யோனா தர்ஷீசுக்கு ஓடும்போது கப்பலின் அடித்தட்டில் அயர்ந்து தூங்கினான்.

இரு வார முடிவில் ஒரு முடிவுக்கு வருவீர்கள். அதை “ஆண்டவருக்குச் சித்தமானால்” என்று அவர் கையில் வைத்துவிட்டு நடங்கள். சபையின் ஒழுங்கும் இதற்குத் துணை நிற்கிறது. மூன்று ஞாயிறு திருமண அறிவிப்பு வாசிக்கும்போது, தக்க தடை அறிந்தவர்கள் சொல்லட்டும் என்றுதான் கேட்கிறார்கள். கனவு கண்டவர்கள் வரட்டும் என்று கேட்பதில்லை. வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் வருந்தாதீர்கள். அது உங்கள் நிதானத்தால் வந்ததாக இருக்கட்டும், மிரட்டலால் வந்ததாக இருக்க வேண்டாம்.

அம்மாவிடம் என்ன சொல்வது?

அம்மாவை மதிப்பது கட்டளை. அதற்காக உங்கள் மனச்சாட்சியை அவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதில்லை. சட்டப்படி வயது வந்த இருவர் மணக்கக் குடும்பத்தின் சம்மதம் தேவையில்லை என்று 2018-இல் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. உரிமை இருப்பதால் இன்றே கிளம்பிவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். அம்மாவின் உடல்நிலை, தம்பியின் படிப்பு, பிறகு வரும் வருடங்களின் பேச்சுவார்த்தை எல்லாம் இருக்கிறது. ஆறு மாதம் பொறுத்து அவர்களைக் கூட்டிக்கொண்டு போக முடியுமானால் அது நல்ல விலை. ஆனால் போனைப் பறிப்பது, வேலைக்கு விடாமல் பூட்டுவது, உங்கள் நண்பரை அடிப்போம் என்பது என்று போனால் காத்திருக்கக் கூடாது. 181 பெண்கள் உதவி எண்ணை அழையுங்கள், ஆயருக்கும் உடனே சொல்லுங்கள்.

பேச்சை அப்பாவிடமிருந்து தொடங்குங்கள். அவர் வேண்டாம் என்று இதுவரை சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். பெரியம்மா இல்லாத நேரமாகப் பார்த்து, “அப்பா, அவங்க ஆளுங்க யாருன்றதை விட்டுட்டு, அவர்கிட்ட என்ன குறை பாக்குறீங்க, சொல்லுங்க” என்று கேளுங்கள். அவர் சொல்லும் குறைகளை மறுத்துப் பேசாமல் அந்தத் தாளிலேயே எழுதிக்கொள்ளுங்கள். எழுதி முடித்ததும் அவரையே அந்த இளைஞரை ஒருமுறை நேரில் பார்க்கக் கூப்பிடுங்கள். வீட்டில் வேண்டாம் என்றால் ஆராதனை முடிந்தபின் ஆலய வளாகத்தில் பார்க்கலாம்.